வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிப்பவர்களின் வாசிப்புச் சிக்கல்கள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டர்பன் வட்டாரத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தென்னாப்பிரிக்காவின் தொலைநிலைப் பல்கலைக்கழகமான யூனிசாவிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ பட்டம் படிக்கும் நம்மவர்களோடு சனிக்கிழமைப் பிற்பகல்களில் உட்கார்ந்து பாடம் பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். படிக்க முடியவில்லை என்ற ஒரே குறையோடுதான் பெரும்பாலோர் வருகிறார்கள். விசாரித்துப் பார்த்தால் ஒருவருக்குத் தேவைப்படுவது மூக்குக்கண்ணாடி, இன்னொருவருக்கு வேலை நேரப் பட்டியலில் ஒரு திருத்தம். மூன்றாமவரோ பதிவு செய்த நாளிலேயே தாங்க முடியாத சுமையை ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆகவே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை முதலில் கண்டுபிடித்து, அதன் கீழ் உள்ள சோதனைகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்துபாருங்கள். காசு செலவில்லாதவை முதலிலும், நேரமும் பணமும் கேட்பவை பிறகும், பாடத்தையே விடுவது கடைசியிலும் வருகின்றன. தூக்கத்தைக் குறைத்துக்கொள்வது இந்த வரிசையில் எந்த இடத்திலும் இல்லை. அது தீர்வாகி நான் பார்த்ததில்லை. அடுத்த அறிகுறிக்குக் காரணமாகித்தான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: வாரந்தோறும் பக்கங்கள் பாக்கி சேர்கின்றன

*முதல் சோதனை: எது கட்டாயம், எது கூடுதல்?*

பாட வழிகாட்டியைத் திறந்து, அதில் கட்டாய நூல் எது, பரிந்துரைக்கப்பட்ட நூல் எது, விரும்பினால் படிக்கலாம் என்று விடப்பட்டவை எவை என்று பென்சிலால் குறியிடுங்கள். இந்த மூன்றையும் ஒரே கட்டாகக் கட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. நேரம் குறைவாக இருப்பவர் கட்டாய நூலையும் வழிகாட்டியையும் முடித்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும். அசைன்மெண்ட் கேள்விகளைப் பாடம் படித்த பிறகு பார்ப்பதும் இதே வகைப் பிழைதான். கேள்வியை முதல் வாரத்திலேயே படித்துவிட்டால், எந்த அத்தியாயத்தை வரிவரியாகப் படிப்பது, எதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்வது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சட்டம் படிப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அறிவித்த மக்வன்யானே வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அமர்வின் 11 நீதிபதிகளும் தனித்தனியே தீர்ப்புரை எழுதினார்கள். அத்தனையையும் வரிசையாகப் படிக்கத் தொடங்குபவர் பாதியில் களைத்துப்போவார். முதன்மைத் தீர்ப்புரை ஆர்தர் சாஸ்கல்சனுடையது. அதன் இறுதியில் உள்ள ஆணையை முதலில் படியுங்கள். நீதிமன்றம் என்ன முடிவு செய்தது என்று தெரிந்துகொண்ட பின், கொடூரமான, மனிதத் தன்மையற்ற, இழிவுபடுத்தும் தண்டனை என்பதை அவர் எப்படி ஆராய்கிறார், ஓர் உரிமையை எப்போது கட்டுப்படுத்தலாம் என்பதை எப்படி எடைபோடுகிறார் என்ற பகுதிகளுக்குச் செல்லுங்கள். மற்ற 10 பேரில் உங்கள் வழிகாட்டி யாரைக் குறிப்பிடுகிறதோ அவருடைய உரை மட்டும் இப்போதைக்குப் போதும். முடிவைத் தெரிந்துகொண்டு காரணத்தைத் தேடிப் போகும் இந்த முறை, ஆய்வுக் கட்டுரைகளுக்கும் அப்படியே உதவும்: சுருக்கம், முடிவுரை, பிறகு அட்டவணைகள், தேவைப்பட்டால் மட்டும் நடுப்பகுதி.

*இரண்டாவது சோதனை: 10 பக்கத்துக்கு எவ்வளவு நேரம்?*

நல்ல தெளிவோடு இருக்கும் ஒரு நேரத்தில், கட்டாய நூலிலிருந்து 10 பக்கங்களைக் குறிப்பெடுத்தபடி படித்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். கதைப் புத்தகத்தின் வேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுபவர்கள் இந்த எண்ணைப் பார்த்துத் திகைப்பார்கள். 10 பக்கத்துக்கு 40 நிமிடம் ஆனால் பக்கத்துக்கு 4 நிமிடம். ஒரு வாரத்தில் 30 பக்க அத்தியாயம் ஒன்றும் 20 பக்கக் கட்டுரைகள் இரண்டும் இருந்தால் 70 பக்கம், அதாவது 4 மணி 40 நிமிடம். ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதாவது நீங்கள் பதிவு செய்த ஒவ்வொரு பாட அலகுக்கும், தனித்தனியே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். புள்ளியியல் பாடத்தின் 10 பக்கமும் சமூகவியல் பாடத்தின் 10 பக்கமும் ஒன்றல்ல.

*மூன்றாவது சோதனை: வாரத்தின் மணிக்கணக்கு*

தென்னாப்பிரிக்கத் தகுதிச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேரக் கற்றல் உழைப்பு. யூனிசாவின் மாட்யூல்கள் பெரும்பாலும் 12 கிரெடிட். ஆகவே ஒன்றுக்கு 120 மணி நேரம். அதை 15 வாரங்களில் பரப்பினால் வாரத்துக்கு 8 மணி. இதில் வாசிப்பு, அசைன்மெண்ட், தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அடக்கம். ஆண்டுக்கு 120 கிரெடிட் எடுக்கும் முழுநேர மாணவரின் 1,200 மணி நேரத்தை 30 வாரங்களால் வகுத்தால் வாரத்துக்கு 40 மணி வருகிறது. முழுநேரப் படிப்பே ஒரு முழுநேர வேலை என்பதைப் பதிவுப் படிவம் யாருக்கும் எடுத்துச் சொல்வதில்லை.

இப்போது உங்கள் வாரத்தைக் கணக்கிடுங்கள். மொத்தம் 168 மணி. வேலை 45. சாட்ஸ்வொர்த்திலிருந்து உம்லங்காவுக்குப் போய்வர நாளுக்கு 2 மணி என்று வைத்தால் 5 நாளுக்கு 10. தூக்கம் நாளுக்கு 7 என்றால் 49. சமையல், சாப்பாடு, குளியல், துணி, கடை இவற்றுக்கு நாளுக்கு மூன்றரை மணி என்றால் ஏறத்தாழ 25. கூட்டினால் 129, மீதி 39. குழந்தையின் வீட்டுப்பாடம், பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, கோயில், உறவினர் வீடு, சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இவற்றுக்கு 20 மணி ஒதுக்கினால் கையில் நிற்பது 19. இரண்டு மாட்யூலுக்கு 16 மணி தேவை. அது இதற்குள் அடங்கும். மூன்றுக்கு 24 தேவை, அது அடங்காது. மூன்று எடுத்துக்கொண்டு பின்தங்கியவர் தம்மைச் சோம்பேறி என்று ஏசிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அங்கே குறை கணக்கில் இருக்கிறது, ஆளிடம் இல்லை.

*மணி போதுமானதாக இருந்தும் பாக்கி குறையவில்லை என்றால்*

ஒரு வாரத்துக்கு மட்டும், படிக்க உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் தாளில் எழுதிவையுங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று தெரியவரும். உட்கார்ந்த நேரத்தில் பாதியைக் கைப்பேசி எடுத்துக்கொண்டிருக்கும். அப்படியானால் அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு 45 நிமிடம் மட்டும் உட்காருங்கள். அல்லது, ஒவ்வொரு முறையும் பழைய பாக்கியிலிருந்து தொடங்குவதால் நடப்பு வாரப் பாடம் தானும் பாக்கியாகிக்கொண்டிருக்கும். இதற்கு நான் சொல்லும் விதி கண்டிப்பானது: நடப்பு வாரத்தை முதலில் படியுங்கள், பாக்கிக்கு வாரத்தில் ஒரே ஓர் அமர்வை ஒதுக்குங்கள், மூன்று வாரத்துக்கு மேல் பழையதாகிவிட்ட பக்கங்களை அசைன்மெண்டோ தேர்வோ கேட்டாலன்றித் திரும்பிப் பார்க்காதீர்கள். விட்ட பக்கங்களுக்கு வழிகாட்டியில் உள்ள சுருக்கம் போதுமா என்று பாருங்கள். பல வேளைகளில் போதும்.

*மணியே போதவில்லை என்றால்*

வேறு எந்த உத்தியும் வேண்டாம். நேரே கடைசிப் பகுதிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: கண் வரிகளில் ஓடுகிறது, மனத்தில் எதுவும் தங்கவில்லை

*எளிய காரணம்: படிக்கும் முறை*

ஒரு மாணவி தம் கணக்கியல் புத்தகத்தை மேசைமேல் விரித்துக் காட்டினார். முதல் அத்தியாயத்தின் எல்லா வரிகளிலும் மஞ்சள் மை. விடுபட்ட வரி ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு, தேய்மானத்தைக் கணக்கிடும் இரண்டு முறைகளைச் சொல்லச் சொன்னபோது அவருக்கு ஒன்றுகூட வரவில்லை. வண்ணம் பூசுவதும் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பதும் படித்துவிட்டோம் என்ற நிறைவைத் தருமே தவிர, நினைவில் நிறுத்தும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அதற்குப் பதிலாக, ஒரு பகுதி முடிந்ததும் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து ஐந்தாறு வரி எழுதுங்கள். எழுத முடியாமல் நின்ற இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் அதே பகுதியைப் பற்றி உங்களையே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் இது மெதுவாகவும் எரிச்சலாகவும் இருக்கும். அதன் பிறகு, தேர்வுக்கு முந்திய வாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை நீங்களே காண்பீர்கள்.

*அடுத்தது: கலைச்சொற்கள்*

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து இங்கே படிப்பவர்களும், பள்ளி முடித்து 20 ஆண்டு கழித்துப் புத்தகத்தைத் தொடுபவர்களும் ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள். மாட்யூலுக்கு 30 சொற்கள் என்ற அளவில் ஒரு பட்டியலை முதல் இரண்டு வாரங்களிலேயே எழுதி, பொருளைத் தமிழில் உங்கள் சொந்த வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் கைவசம் ஆன பின் 10 பக்கச் சோதனையை மீண்டும் செய்துபாருங்கள். நேரம் குறைந்திருந்தால் தடை சொற்களில்தான் இருந்தது.

*காசு செலவாகும் காரணங்கள்*

40 வயதைக் கடந்தவர்களுக்குக் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் தளர்வது இயல்பு. புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் தெளிவாகத் தெரிகிறதா, மாலையில் நெற்றி வலிக்கிறதா, கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால் எளிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் கண் பரிசோதகரிடம் செல்லுங்கள். ஒரு கண்ணாடியோடு ஓர் ஆண்டுச் சிக்கல் தீர்ந்த கதைகள் பல உண்டு.

பார்வை ஒரு நாள் தெளிவாகவும் மறுநாள் மங்கலாகவும் மாறி மாறி இருந்தால், புதுக் கண்ணாடி வாங்குவதற்கு முன் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். டர்பன் இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவு மிகுதியாக இருப்பது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை வீங்கி வடிவம் மாறுவதால், அப்போது அளந்த கண்ணாடி பிறகு பொருந்தாமல் போகும்.

*யாரை அழைப்பது:* சிறு வயதிலிருந்தே எழுத்துகள் இடம் மாறித் தெரிவதும், வாய்விட்டுப் படிக்கும்போது வரி தவறுவதும், கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டும் சிரமமே இல்லாததும் உங்கள் நிலை என்றால், கல்வி உளவியலாளரின் மதிப்பீடு தேவை. செலவு அதிகம்தான். ஆனால் அந்த அறிக்கை இருந்தால் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். முதலில் அந்தப் பிரிவையே கேளுங்கள். மதிப்பீட்டை எங்கே குறைந்த செலவில் செய்யலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அறிகுறி: புத்தகத்தைத் திறந்ததும் தூக்கம் வருகிறது

மற்ற காரணங்களைத் தேடுவதற்கு முன் ஒரு வாரத் தூக்கத்தைக் கூட்டிப் பாருங்கள். 49 மணிக்கு வெகுவாகக் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது. இரவு 11 மணிக்குப் படிக்க உட்கார்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: இரண்டு வாரத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் காலை 5 மணிக்கு மாற்றிப் பாருங்கள். அதற்காக இரவு ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்க வேண்டும்; இல்லையென்றால் பயனில்லை. காலையில் சரியாக வராதவர்களுக்கு மதிய இடைவேளையின் 30 நிமிடம் நன்றாக வேலை செய்கிறது.

தூக்கம் போதுமான அளவில் இருந்தும் சோர்வு நீடித்தால், சளிக்கோ ஒவ்வாமைக்கோ எடுக்கும் மாத்திரை தூக்கம் தரும் வகையா என்று மருந்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். அடுத்து, வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட கையோடு உட்காருகிறீர்களா என்று பாருங்கள். படித்து முடித்துச் சாப்பிடுவதோ பாதி சாப்பிட்டுவிட்டுப் படிப்பதோ சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது.

*யாரை அழைப்பது:* சாப்பிட்டதும் அசாதாரணமான அசதி, அடங்காத தாகம், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது இவை சேர்ந்திருந்தால் கிளினிக்கில் சர்க்கரைப் பரிசோதனை. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் உள்ளவர்கள் சொன்னால் மருத்துவரிடம் தூக்கத்தில் மூச்சடைப்பு பற்றிக் கேளுங்கள். படியேறும்போது மூச்சிரைப்பும் வெளிறிய நகமும் உள்ள பெண்கள் இரும்புச் சத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாகனம் ஓட்டும்போது கண் சொருகினால் அடுத்த தேர்வு வரை காத்திருக்காதீர்கள்; அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

அறிகுறி: ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அட்டவணை குலைகிறது

உம்லங்காவின் அழைப்பு மையங்களிலும், பேரங்காடிகளிலும், மருத்துவமனை வார்டுகளிலும் வேலை செய்பவர்களுக்கு, திங்கள் மாலை 6 முதல் 8 வரை என்ற வகை அட்டவணை ஒரு வாரம்கூடத் தாங்காது. அப்படிப்பட்டவர்கள் கிழமையைக் கணக்கில் வைக்காமல் அமர்வுகளின் எண்ணிக்கையைக் கணக்கில் வையுங்கள். வாரத்துக்கு 45 நிமிட அமர்வு 14 தேவை என்றால், வேலைப் பட்டியல் வந்த அன்றே அந்த 14ஐயும் அதில் எங்கெங்கே வைக்கலாம் என்று அதே தாளில் எழுதுங்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் எதையும் வைக்காதீர்கள். 12 மணி நேர வார்டு ஷிஃப்ட் உள்ள நாளை வாசிப்புக்கு வெற்று நாளாகவே விட்டுவிடுங்கள்.

பயண நேரத்தை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மினிபஸ் டாக்ஸியில் கைப்பேசியைக் கையில் பிடித்துப் படிப்பது பாதுகாப்பல்ல என்று எல்லாருக்கும் தெரியும். வழிகாட்டியின் பக்கங்களைக் கைப்பேசி வாய்விட்டுப் படிக்கும்படி அமைத்து, அதைச் சட்டைப்பைக்குள் வைத்து ஒரு காதில் கேட்டுக்கொண்டு போங்கள். புதிய பாடத்துக்கு இது போதாது. ஒருமுறை படித்ததை மீண்டும் கேட்பதற்கு மிக நன்று.

*இவ்வளவும் செய்து சரிவராவிட்டால்*

வேலையிடத்தின் பட்டியலையே சோதியுங்கள். 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி வழக்கமான வேலை வாரத்துக்கு 45 மணிக்கு மேல் போகக் கூடாது. மிகை நேரம் உங்கள் சம்மதத்தோடு மட்டுமே, அதுவும் வாரத்துக்கு 10 மணி வரை. ஒரு நாள் வேலை முடிவதற்கும் மறுநாள் தொடங்குவதற்கும் இடையே 12 மணி நேர ஓய்வு வேண்டும். இரவு 9 மணிக்குக் கடையைப் பூட்டியவரையே காலை 7 மணிக்குத் திறக்கச் சொன்னால் இடைவெளி 10 மணி நேரம்தான். மூத்த மேலாளர்களுக்கும் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் ஊதியம் பெறுபவர்களுக்கும் இவற்றில் சில பொருந்தாது. சில தொழில்களுக்குத் தனி நிர்ணயங்களும் உண்டு. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துப் பாருங்கள்.

படிப்பு விடுப்பைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அது ஒப்பந்தத்திலோ நிறுவனத்தின் கொள்கையிலோ இருந்தால்தான் உண்டு. ஆண்டு விடுப்பாக உள்ள 21 தொடர் நாட்களைத் தேர்வுக்கு எனப் பிரித்து எடுக்க முடியுமா என்பதை மேலாளரிடம் மார்ச் மாதத்திலேயே, தேர்வு மாதத்தைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள். அக்டோபர், நவம்பர் தேர்வுகள் கடைகளின் நவம்பர் மாதத் தள்ளுபடி நெரிசலோடு மோதுவதால், சில்லறை வணிகத்தில் இருப்பவர்கள் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

*யாரை அழைப்பது:* சட்டம் தரும் ஓய்வே மறுக்கப்பட்டால் முதலில் தொழிற்சங்கப் பிரதிநிதி, அடுத்து தொழிலாளர் துறை அலுவலகத்தின் ஆய்வாளர், தகராறு முற்றினால் தொழில் தகராறுகளைச் சமரசம் செய்து தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையம். அதற்கு முன் ஒரு மாத வேலைப் பட்டியலைப் படம் எடுத்து வைத்திருங்கள்.

அறிகுறி: வீட்டில் படிக்க இடமும் அமைதியும் இல்லை

*இடம்தான் சிக்கல் என்றால்*, நகராட்சி நூலகத்தின் மேசை இலவசம். யூனிசா மாணவர்களுக்கு டர்பனில் உள்ள வட்டார மையமும் உண்டு. அங்கே போகும் நாளில் அந்த வாரத்துக்கான எல்லாக் கோப்புகளையும் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். டேட்டா செலவும் மிச்சம், மின்சாரம் போனாலும் கவலையில்லை. 2022, 2023 மின்வெட்டுகளின்போது பலரும் பழகிக்கொண்ட இந்தப் பழக்கத்தை இப்போது விட்டுவிட வேண்டாம்.

*நேரம்தான் சிக்கல் என்றால்*, அது பெரும்பாலும் சொல்லாமல் விட்டதால் வரும் சிக்கல். நம் நாட்காட்டியும் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியும் எங்கே மோதுகின்றன என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். தைப்பூசக் காவடி பதிவு நடக்கும் காலத்தில் வருகிறது. அதில் பெரிய இடையூறு இல்லை. ஈஸ்டரை ஒட்டி இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் கோயில் திருவிழா. சித்திரா பௌர்ணமிக் காவடி மே, ஜூன் தேர்வுகளுக்குச் சற்று முன். ஆடி மாதக் கூழ் வார்ப்பு இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில். எல்லாவற்றையும் விடக் கடினமானது புரட்டாசி: செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை வீட்டில் விரதச் சமையலும் பூசையும் நடக்கும் அதே மாதத்தில் கடைசி அசைன்மெண்டுகள் நிற்கும்; அது முடிந்ததும் தீபாவளிப் பலகாரமும் தேர்வும் ஒன்றாக வந்து சேரும்.

தேர்வுத் தேதி வந்த அன்றே அதைப் பெரிய எழுத்தில் எழுதி, சமையலறையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள். பிறகு ஆயாவிடமும் பெரியம்மாவிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் நேரில் சொல்வதும் அவர்களுக்கு ஒன்றாகாது. "ஆயா, இந்தப் புரட்டாசியில் கடைசி சனிக்கிழமைக்கு மட்டும் முழு நாளும் வந்து உதவுகிறேன், மற்ற சனிக்கிழமைகளில் பூசைக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன்" என்று, எதற்கு வருவோம், எதற்கு வர மாட்டோம் என்பதைத் தெளிவாகச் சொன்னவர்களை நம் பெரியவர்கள் தடுத்து நான் பார்த்ததில்லை. பட்டம் அவர்களுக்கும் பெருமைதான். சொல்லாமல் அறைக்கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்குத்தான் மனத்தாங்கல் வருகிறது. மருமகள்களுக்கு இது எளிதல்ல என்பதை அறிவேன். அவர்கள் சார்பில் கணவர் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னதோடு நிற்காமல் அந்தச் சனிக்கிழமை அடுப்பங்கரையில் அவரே நிற்கவும் வேண்டும்.

இழவு, பதினாறாம் நாள் காரியம் போன்றவற்றுக்குத் திட்டம் கிடையாது. அன்றே பாட ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி அவகாசம் கேளுங்கள். கெடு கடந்த பின் கேட்பதைவிட முன்பு கேட்பவருக்கே அது எளிதில் கிடைக்கிறது.

அறிகுறி: எல்லாம் படித்தும் மதிப்பெண் வரவில்லை

இது வாசிப்பின் பிழையாக இருப்பது அரிது. திருத்திய தாளில் ஆசிரியர் எழுதிய குறிப்புகளை முதலில் படியுங்கள். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுபவர்களே அதிகம். விளக்குக என்று கேட்டதற்கும் மதிப்பிடுக என்று கேட்டதற்கும் ஒரே வகை விடை எழுதியிருக்கிறீர்களா, மேற்கோள் முறையில் மதிப்பெண் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் முறையும் இதே மதிப்பெண் வந்தால் பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சி மையத்துக்குத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி: புத்தகத்தையும் மின்னஞ்சலையும் திறக்கவே பயமாக இருக்கிறது

*சில நாட்களாக மட்டும் என்றால்*, நம்பிக்கையான ஒருவரை, அண்ணனோ அக்காவோ உடன் படிப்பவரோ, பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மின்னஞ்சல்களை ஒன்றாகத் திறந்து, எந்தக் கெடு கடந்துவிட்டது, எது இன்னும் இருக்கிறது என்று பட்டியல் எழுதுங்கள். அன்று படிக்க வேண்டாம். பட்டியல் எழுதுவது மட்டுமே அன்றைய வேலை. பயத்தில் பெரும்பகுதி, திறக்காமல் விட்டதன் அளவு தெரியாததால் வருவது. பட்டியல் முடிந்ததும் அது தணிவதை நீங்கள் உணர்ந்தால் முதல் அறிகுறிக்குத் திரும்பலாம்.

*இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து*, தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் மனம் செல்லவில்லை என்றால், இந்தக் கட்டுரையின் எந்தச் சோதனையும் உங்களுக்கு இப்போது வேண்டாம். பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகர், உங்கள் மருத்துவர், அல்லது சாடாக் என்று அறியப்படும் தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழுவின் தொலைபேசி உதவி, மூன்றில் எது கைக்கு எட்டுகிறதோ அதை நாடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே, அந்த நேரமே, வீட்டில் ஒருவரிடம் சொல்லி அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வீட்டில் இப்படி ஒரு பிள்ளை சொன்னால், பெரியவர்கள் அதைப் பரீட்சைப் பயம் என்று தள்ளிவிட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவச் சான்று கிடைத்தால் தேர்வைத் தள்ளி எழுதும் எக்ரோட்டட் வாய்ப்பு உண்டு. அதற்கும் விண்ணப்பக் கெடு இருப்பதால் அந்தப் படிவத்தை வீட்டில் வேறொருவர் நிரப்பித் தரட்டும்.

மணி போதாதவர்களுக்கு: மாட்யூலைக் குறைத்தல்

எல்லாச் சோதனையும் செய்து, தேவைப்படும் மணிக்கும் இருக்கும் மணிக்கும் இடையே வாரத்துக்கு 5 மணிக்கு மேல் பள்ளம் இருந்தால், ஒரு மாட்யூலை இப்போதே விடுவது எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் இரண்டில் தோற்பதைவிட மலிவானது. 1943இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பைத் தொடங்கிய நெல்சன் மண்டேலா, சட்ட இளங்கலைப் பட்டத்தை யூனிசா வழியே சிறையிலிருந்தபடி 1989இல் பெற்றார். ஆண்டு கூடுவதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை.

விடுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்கும் அல்லது பதிவில் தோல்வி என்று வராமல் நீக்கிக்கொள்ளும் கடைசித் தேதி எது? அந்த மாட்யூல் அடுத்த ஆண்டின் வேறொரு பாடத்துக்கு முன்தேவையா? அரசின் மாணவர் நிதி உதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் உதவியோ நிறுவனத்தின் கல்வி உதவியோ பெறுபவர் என்றால், பாடத்தைக் குறைப்பது அடுத்த ஆண்டு உதவியைப் பாதிக்குமா? முதல் இரண்டுக்கும் பதிவுத் துறையும் கல்வி ஆலோசகரும் பதில் தருவார்கள். மூன்றாவதை நிதி உதவி அலுவலகத்தில் மட்டுமே கேட்க வேண்டும், நண்பர்களிடம் அல்ல. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், போன ஆண்டு ஒருவருக்குச் சரியாக இருந்தது உங்களுக்குச் சரியாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

எந்த மாட்யூலை விடுவது என்று தயங்கினால், அடுத்த பருவத்திலும் நடத்தப்படுவதும், வேறு எதற்கும் முன்தேவை அல்லாததும், 10 பக்கச் சோதனையில் அதிக நேரம் எடுத்ததும் எதுவோ அதை விடுங்கள். நீக்கல் உறுதியான மின்னஞ்சல் வரும்வரை அதன் அசைன்மெண்டுகளைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருங்கள். மின்னஞ்சல் வந்ததும், அதை அச்செடுத்துப் பதிவுத் தாள்களோடு சேர்த்து வையுங்கள்.